மாடசாமிக்குப் போகும் மாத்திரை

வாளையார் செக்போஸ்டில் என் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். பஸ் கூரையில் மலைபோல் மூட்டைகள் இருக்க, என் மடியிலிருந்த சின்ன மரப்பெட்டிதான் அந்தக் காக்கிச் சட்டைக்காரர் கண்ணை உறுத்தியது. திறந்து காட்டினேன். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, கண்ணாடிக் குழாயில் பாதரசம். வெள்ளியா என்று மலையாளத்தில் கேட்டார். விளக்கம் சொல்வதைவிடச் செய்து காட்டுவது சுலபம் என்று அவர் கையில் பட்டையைச் சுற்றினேன்.

அதுதான் நான் செய்த தப்பு. பின்னால் நின்ற சிமெண்டு லாரிகளிலிருந்து டிரைவர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்து கையை நீட்டினார்கள். கண்டக்டர் விசிலை ஊதி ஊதிச் சலித்துப் போய்க் கடைசியில் அவரும் வரிசையில் நின்றார். ஒரு டிரைவருக்கு அழுத்தம் எக்கச்சக்கம். உடனே டாக்டரைப் பாருங்கள் என்றேன். “பாத்துட்டாப் போகுதுங்க” என்று சிரித்து, என் முன்னாலேயே பீடி பற்ற வைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் அப்பாவும் அப்படித்தான் சொன்னார், பொள்ளாச்சிப் பக்கத்துத் தோட்டத்தில், மண்வெட்டியோடு சாய்வதற்கு இரண்டு நாள் முன்னால்.

நான் டாக்டர் இல்லை. கோயம்புத்தூரில் ஒரு மருத்துவக் கல்லூரியில் கணக்குப் பார்க்கிற உத்தியோகம். கணக்கு என்றால் செத்தவர்களின் கணக்கு. யார், எந்த வயதில், எதனால். என்னைப் பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டார் இந்த வேலையைக் கேட்டதும் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்திருக்கிறார்கள். அதன் பிறகு நானும் யாருக்கும் காப்பி போடுவதில்லை.

பாலக்காட்டில் என்னை வரச் சொன்னவர் கல்பாத்தியில் இருந்த பரமேஸ்வரன் டாக்டர். சர்க்கார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தேவிகுளம் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், நாற்பது வயது தாண்டிய ஆண் தொழிலாளர்களுக்கெல்லாம் ரத்த அழுத்தம் பார்த்து, கூடுதலாக இருந்தவர்களுக்கு வாரா வாரம் மாத்திரை கொடுக்கச் சில வருஷங்களாக ஏற்பாடு செய்திருந்தார். அந்தத் தோட்டத்தில் மாரடைப்புச் சாவு குறைந்துகொண்டே வருகிறது என்று எங்கள் கல்லூரிக்கு எழுதியிருந்தார். குறைந்தது மாத்திரையாலா, வேறு எதனாலாவதா என்று நேரில் போய்ப் பார்த்துச் சொல்வது என் வேலை.

மத்தியானம் அவர் வீட்டில் மொளகூட்டலும் அப்பளமும். எங்கள் ஊரில் இதைப் பருப்புக் கூட்டு என்று சொல்லியிருப்பார்கள். அதைச் சொன்னதும் டாக்டரின் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் என் இலையில் இரண்டாம் முறை விழாது என்று நினைத்தேன். விழுந்தது. சாப்பிட்டு முடித்ததும் டாக்டர் ஒரு கட்டக் காகிதத்தை மேஜையில் விரித்தார். ஜுரச் சாவு, பிரசவச் சாவு, காசநோய்ச் சாவு எல்லாம் அப்படியே போய்க்கொண்டிருக்க, மாரடைப்புக் கோடு மட்டும் அவர் மாத்திரை கொடுக்க ஆரம்பித்த வருஷத்திலிருந்து சரிந்து, கடைசியில் தரையைத் தொட்டிருந்தது.

“நான் வெறுதே சொல்லலை கேட்டேளா. பட்டியல்ல இருக்கற ஒருத்தர் பேர்கூட அப்பறம் மரணப் பதிவுல வரலையாக்கும். நீங்க போய் ஒவ்வொருத்தர் கையையும் பிடிச்சுப் பாருங்கோ. ஜீவிச்சிருக்கான்னு எழுதிண்டு வாங்கோ. எனக்கு அது போறும்.”

முடிவு சாதகமாக வந்தால் மற்ற தோட்டங்களுக்கும் மாத்திரை கொடுக்க ஏற்பாடாகும். இல்லாவிட்டால் இருப்பதும் நிற்கும். அதைச் சொல்லும்போது அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன வெள்ளை மாத்திரையை எடுத்து விழுங்கினார். அதே மாத்திரைதான். எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று.

என் பையில் வேறு கேள்விகளும் இருந்தன. பீடி குறைந்ததா, சோறு மாறியதா, கறி வாங்குகிறார்களா, ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வந்ததா. சாவு குறைந்தால் அதற்குப் பங்காளிகள் பலர் இருப்பார்கள். யாருக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வதுதான் எங்கள் தொழிலின் வித்தை.

இரண்டாம் நாள் மலை. இடுக்கி என்று தனி ஜில்லா வந்து அதிக நாளாகவில்லை. பஸ்ஸில் பலகை இன்னும் பழைய ஜில்லாவிலேயே இருந்தது. தேவிகுளத்துக்கு முன்னால் ஒரு வளைவில் வண்டி இருமி, குலுங்கி, நின்றது. டிரைவர் இறங்கி இஞ்சினைப் பார்த்துவிட்டுச் சாலையோரம் உட்கார்ந்துகொண்டார். மூடுபனி இறங்கிவந்து முதலில் மரங்களையும் பிறகு பஸ்ஸையும் விழுங்கியது. பத்தடி தள்ளி இருமுகிறவர் யார் என்று தெரியவில்லை.

வளைவில் ஒரு டீக்கடை இருந்தது நல்ல காலம். கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சட்னியும் கொடுத்தார்கள். கண்ணில் நீர் வழியத் தின்றேன். எந்தத் தோட்டத்துக்குப் போகிறேன் என்று கேட்ட கடைக்காரர், பெயரைச் சொன்னதும் கிளாஸைத் துடைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

“அங்கயா? அங்க ஆம்பளை திடீர்னு சாகுறதே கிடையாதுங்க. ராத்திரி படுத்தவன் காலையில எந்திரிக்கலன்னு ஒரு கொட்டுச் சத்தம் கேட்டு எம்புட்டு நாளாச்சு.”

பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். நானோ நோட்டுப் புத்தகத்தை எடுத்து, அக்கம்பக்கத்தாரும் இதையே சொல்கிறார்கள் என்று சந்தோஷமாக எழுதிக்கொண்டேன். படித்த முட்டாள் என்று வேறு யாரையாவது சொல்லும் முன் இந்த வரியை எடுத்துப் பார்ப்பது என் வழக்கம்.

தோட்டத்து மருந்தகத்தில் இருந்தவர் கம்பவுண்டர் சுடலைமுத்து. அவருக்கு முன்பிருந்தவர்தான் நோயாளிகளுக்கு அட்டைகள் போட்டவர். சுடலைமுத்து மரியாதையாக இருந்தார். கேட்டதை எடுத்துக் கொடுத்தார். கேட்காத எதையும் சொல்லவில்லை. எங்கள் கல்லூரியில் கேட்டதைக்கூட எடுத்துத் தர மாட்டார்கள் என்பதால் அதுவே எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

மூன்றாம் நாள் விடிந்ததும் பெரட்டுக்குப் போனேன். காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் கூட்டத்தை அங்கே பெரட்டு என்கிறார்கள். களத்தில் முந்நூறு பேராவது இருந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளைப் பனியும், தலையில் கம்பளி போட்ட முன்வரிசை உருவங்கள் சிலவும்தான். கங்காணி ஒரு பெயரைக் கூப்பிடுவார். பனிக்குள்ளிருந்து “இருக்கேன்” என்று ஒரு குரல் வரும். முகம் வராது. என் பட்டியலை வைத்துக்கொண்டு நானும் ஒவ்வொன்றாகக் குறித்தேன். பட்டியலில் இருந்த அத்தனை பேரும் பதில் சொன்னார்கள். ஒருவர்கூடக் குறையவில்லை. வேலையின் பாதி முடிந்தது என்று கம்பளிக்குள் கையைத் தேய்த்துக்கொண்டேன்.

பிறகு மருந்தகத்தில் வைத்து அவர்களைப் பார்த்தேன். முதலில் வந்தவர்களுக்கு எல்லாம் எதிர்பார்த்தபடி. கொஞ்சம் குறைந்த அழுத்தம், கொஞ்சம் குறையாத அழுத்தம். ஏழாவதாகவோ எட்டாவதாகவோ ஒருவர் வந்தார். அட்டையில் ஐம்பத்தெட்டு வயது. கம்பளியை நெற்றி வரை இழுத்துவிட்டிருந்தார். பாதரசம் இருபது வயதுப் பையனுக்கு நிற்கிற இடத்தில் நின்றது. நாடி தறி ஓடுகிற மாதிரி ஒரே சீராக அடித்தது. டாக்டருக்குத் தந்தி அடிக்கலாமா என்று தோன்றிற்று.

அட்டையில் அடையாளம் என்ற இடத்தில் பழைய கம்பவுண்டர் எழுதியிருந்தார்: வலது முன்கையில் பெரிய தீத்தழும்பு. பட்டையை அவிழ்க்கும்போது பார்த்தேன். முன்கை வழுவழுவென்று இருந்தது. இடது கையை மாற்றி எழுதியிருப்பார் என்று அதையும் பார்த்தேன். அதிலும் இல்லை.

இன்னும் நாலு பேர் தள்ளி மறுபடி ஒரு இளம் நாடி. அடையாளம், மேல்வரிசையில் முன்பல் இல்லை. வாயைத் திறக்கச் சொன்னேன். பல் வரிசை முழுசாக இருந்தது.

மூன்றாவது ஆள் மாடசாமி. அறுபதை நெருங்கிய வயது. அடையாளம், இடது கையில் சுண்டுவிரல் கிடையாது. தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தியில் போனது. அந்த ஆள் இடது கையைக் கம்பளிக்குள் வைத்திருந்தார். வலது கையைத்தான் நீட்டினார். அழுத்தம் பார்த்துவிட்டு, இடது கையையும் காட்டுங்கள் என்றேன். காட்டவில்லை. மறுபடி கேட்டேன். மெதுவாக வெளியே எடுத்து மேஜையில் வைத்தார். ஐந்து விரலும் இருந்தன. சுண்டுவிரலில் ஒரு செப்பு மோதிரம்கூட இருந்தது.

உங்களுக்கு என்ன வயது என்று கேட்டேன். “கார்டுல போட்டிருக்குல்லாம்மா” என்றார், என் முகத்தைப் பார்க்காமல். வாசலில் வரிசையில் நின்றவர்களின் பேச்சு அப்படியே நின்றுபோயிருந்தது. அத்தனை பேரும் அந்த ஐந்து விரலையும் என்னையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பகல் பத்து மணி. ஆனாலும் அந்த அறையில் என்னோடு இருப்பவர்களில் எத்தனை பேர் உயிரோடு இருப்பவர்கள் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு வந்தது. எண்களோடு பிழைக்கிறவளுக்கு வரக்கூடாத நினைப்பு.

கம்பவுண்டர்தான் எழுந்து அட்டைகளை அடுக்கினார். “சாப்பாடு ஆறிப் போவும், வாங்க” என்றார். பத்து மணிக்கு என்ன சாப்பாடு என்று நான் கேட்கவில்லை.

பத்து மணிச் சாப்பாடு கருவாட்டுக் குழம்பு. மத்தியானம், இலை கிள்ளிய பெண்கள் எடை போட்டுவிட்டு வீடு திரும்பும் நேரத்தில், மாடசாமியின் வீட்டைத் தேடிப் போனேன். ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்து வீடுகள். லைன் வீடு என்பார்கள். ஒரு வீட்டில் இருமினால் பத்து வீட்டுக்கும் கேட்கும். மாடசாமியின் மனைவி பேச்சியம்மாள் வாசலில் இருந்தார். நெற்றியில் குங்குமம், கழுத்தில் மஞ்சள் கயிறு. உள்ளே பதினாறு பதினேழு வயதில் ஒரு மகள், முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று கேட்டேன். பேச்சியம்மாள் என்னை உள்ளே கூப்பிட்டார். பிறகு பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இறக்கி மூடியைத் திறந்தார். விளிம்பு வரை வெள்ளை மாத்திரை. சனிக்கிழமை தோறும் ஆண்களின் மாத்திரையை வீட்டுப் பெண்கள் வாங்கிப் போவதுதான் அங்கே வழக்கம். அவரும் ஒரு சனிக்கிழமை தவறாமல் வாங்கியிருக்கிறார். தின்னத்தான் ஆள் இல்லை.

“வாங்கலேன்னா ஏன் வாங்கலேன்னு எழுதணுமாம்லா. தூரப் போடவும் மனசு வரல. அவுக பேருக்கு வந்ததுல்ல.”

அப்புறம் என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனார். தேயிலைச் சரிவின் ஓரம், காடு தொடங்குகிற இடம். பனி மறுபடி ஏறிவந்துகொண்டிருந்தது. நூல் பிடித்தாற்போல் நட்ட செடிகளுக்கு அப்பால் ஒரே ஒரு தேயிலைச் செடி வரிசையில் சேராமல் நின்றது. அதன் முன்னால் போய் நின்றார். சற்றுத் தள்ளி அதே மாதிரி இன்னும் சில செடிகள் தனித்தனியாக நின்றதை அப்போதுதான் கவனித்தேன். எண்ண ஆரம்பித்தேன். பனி மறைத்துவிட்டது. எண்ணாமல் விட்டது நல்லதென்று பிறகு பட்டது.

அவர் சொன்ன விஷயம் இதுதான். சில வருஷங்களுக்கு முன்னால் தோட்டத்தில் புதிதாக யார் பெயரையும் பதிவதில்லை என்று முடிவெடுத்தார்கள். ஒருவர் இறந்தால் அந்தப் பெயரை அடித்துவிடுவார்கள், இடத்துக்கு வேறு ஆள் கிடையாது. ஒரு குடும்பத்தில் இரண்டு பெயர் இருந்தால்தான் தனி வீடு. ஒரு பெயர் மட்டும் என்றால் இன்னொரு குடும்பத்தோடு பாதி வீடு. அதனால் சாவையே மறைக்க ஆரம்பித்தார்கள். ஜுரத்திலோ பிரசவத்திலோ இறந்தவர்களை மறைக்க முடியவில்லை, அவர்கள் மருந்தகம் வழியாகப் போகிறவர்கள். மார் அடைத்து வீட்டிலேயே படுக்கையில் போனவர்களை மறைக்க முடிந்தது. கொட்டு இல்லாமல், அழுகை இல்லாமல், வரிசை வீடுகள் பத்தும் வாயை மூடிக்கொண்டு புதைத்து, மேலே ஒரு தேயிலைச் செடியை நட்டுவிட்டு வந்தன. மறுநாள் பெரட்டில் தம்பியோ மகனோ மச்சானோ அந்தப் பெயருக்குப் பதில் சொன்னான். கங்காணிக்குத் தெரியும், அவரும் அவர்கள் சாதிசனம்தான். தோட்ட மேனேஜர் துரைக்கு எண்ணிக்கைதான் தெரியும்.

மாரடைப்பு மட்டும் குறைந்ததன் காரணம் என் முன்னால் இலை விட்டு நின்றது. புதுப் பெயர் பதிவதை நிறுத்திய வருஷமும் டாக்டர் மாத்திரையை ஆரம்பித்த வருஷமும் ஒன்றாக இருந்தது அவருடைய துரதிர்ஷ்டம்.

பேச்சியம்மாள் அழவில்லை. என் அப்பா இறந்த அன்று நான் தெருவே கூடும்படி அழுதவள். இவர் புருஷன் செத்து மூன்று வருஷமாகக் குங்குமம் வைத்துக்கொண்டு இலை கிள்ளுகிறார். அதை நினைத்ததும் எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது.

“தெனமும் காலையில அவுக பேரைக் கூப்பிடுதாக. எந்தம்பி ‘இருக்கேன்’ங்கான். எனக்கு அதக் கேக்கணும்போலயும் இருக்கு, கேக்கக் கூடாதுபோலயும் இருக்கு” என்றார். பிறகு, “நீங்க என்ன எழுதப் போறீக?” என்று கேட்டார்.

செத்தவர் என்று எழுதினால் இந்த வீடு பாதியாகும், தம்பிக்கு வேலை போகும். இதே மாதிரி எத்தனை வீடோ. உயிரோடு இருக்கிறார் என்று எழுதினால் பொய். அந்தப் பொய்யை நம்பி ஒரு நல்ல மனிதர் ஊர் ஊராக மாத்திரை கொடுப்பார், குணமாகிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாமலே.

திரும்பி ஏறும்போது பேச்சியம்மாள் இரண்டு தடவை நின்று மார்பில் கையை வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் கேட்காமலே அவர் கையில் பட்டையைச் சுற்றினேன். பாதரசம் நான் நினைத்த இடத்தைத் தாண்டி ஏறிற்று. இரண்டாம் முறை பார்த்தேன். அதே இடம். டாக்டரின் திட்டம் ஆண்களுக்கு மட்டும். இந்தப் பெண்ணுக்கு அட்டையே கிடையாது.

பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரச் சொல்கிறேன் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். “வேண்டாம்மா. அங்க போனா வேலைக்கு லாயக்கில்லைன்னு எழுதிருவாக. எம்பேரும் போயிரும். எம் பேரையாவது இவளுக்கு விட்டுட்டுப் போவணும்.” முறத்தோடு நின்ற மகளைக் காட்டினார். அவள் எங்களைப் பார்க்காமல் அரிசியைப் புடைத்துக்கொண்டே இருந்தாள்.

நான் பிஸ்கட் டின்னை எடுத்து அவர் மடியில் வைத்தேன். “இது உங்களுக்கும் அதே மருந்துதானுங்க. தெனமும் ஒண்ணு. உங்க ஊட்டுக்காரரு பேருக்கு வர்றத நீங்க சாப்பிடுங்க” என்றேன். சாயங்காலம் கம்பவுண்டரிடம் இதை மட்டும் சொல்லி, பழைய மாத்திரையை மாற்றிப் புதிதாகக் கொடுங்கள், அவர் அழுத்தத்தையும் அவ்வப்போது பாருங்கள் என்றேன். மாடசாமி யார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. தலையை ஆட்டினார்.

கல்பாத்திக்குத் திரும்பியதும் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தோட்டத்தில் யாருடைய பெயரையும் சொல்லவில்லை. கட்டக் காகிதம் அதே மேஜையில் விரித்தபடி இருந்தது. எத்தனை பேர் என்று கேட்டார். தெரிந்தது மூன்று, தெரியாதது தெரியாது என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார்.

“அப்போ குறைஞ்சது மரணம் இல்லை. மரணத்தைச் சொல்றதாக்கும்.”

அவர் கட்டுரையை எங்கேயும் அனுப்பவில்லை. என் அறிக்கையில், குறைவுக்குக் காரணம் இன்னதென்று நிர்ணயிக்க இயலவில்லை, இன்னும் சில வருஷம் பார்க்க வேண்டும் என்று எழுதினேன். அதனால் மாத்திரை நிற்கவில்லை. பட்டியலில் இருக்கிறவர்கள் எல்லாருக்கும் போகட்டும் என்று டாக்டர் சொன்னார். மாடசாமி என்ற பெயருக்கு எதிரே ‘உயிரோடு இருக்கிறார்’ என்று என் கையால் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். உத்தியோகத்தில் நான் தெரிந்தே எழுதிய முதல் பொய். மூன்று பெயர்களுக்கு எழுத வேண்டியிருந்தது. முதலாவதை எழுதத்தான் நேரம் பிடித்தது.

திரும்புகிற வழியில் வாளையாரில் அதே காக்கிச் சட்டைக்காரர் பெட்டியை அடையாளம் கண்டு சிரித்தார். திறக்கச் சொல்லவில்லை.

சுடலைமுத்து அதன்பின் மாதம் ஒரு இன்லண்ட் லெட்டர் எழுதுவார். மழை, இலை விலை, மருந்து இருப்பு. கடைசியில் ஒரு வரி, மாடசாமியின் மாத்திரையை அவர் சம்சாரம் ஒழுங்காக வாங்கிப் போகிறார் என்று. அந்த வரிக்காகவே நான் கடிதத்தைக் கீழிருந்து படிப்பேன். பேச்சியம்மாளின் அழுத்தம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்றும் ஒருமுறை எழுதியிருந்தார். அன்றைக்கு ஆபீசில் எல்லாருக்கும் நானே காப்பி போட்டேன்.

ஒரு வருஷம் ஆகியிருக்கும். அந்த மாதக் கடிதத்தில் மழை இல்லை, இலை விலை இல்லை. மூன்றே வரி. மாடசாமியின் மாத்திரையை இரண்டு வாரமாக ஒரு சின்னப் பெண் வந்து வாங்கிப் போகிறாள். பதினேழு வயதுதான் இருக்கும். பெயர் கேட்டால் பேச்சியம்மாள் என்கிறாள்.

கடிதத்தை மடித்து மற்றக் கடிதங்களோடு வைத்தேன். அந்தச் சரிவில் வரிசை தப்பிய செடி இன்னொன்று நட்டிருப்பார்கள். மாத்திரையை அவர் நான் சொன்னபடி தினமும் சாப்பிட்டாரா, அது அவருக்கு அந்த ஒரு வருஷத்தைக் கொடுத்ததா, எதையும் செய்யாமல் விட்டதா, யாரிடம் கேட்க முடியும்? தோட்டத்துப் பதிவில் மாடசாமியும் பேச்சியம்மாளும் இருக்கிறார்கள். விடிந்ததும் பனிக்குள் அவர்கள் பெயரைக் கூப்பிடுவார்கள். இருவரும் பதில் சொல்வார்கள்.